காணாமல் போன ஒன்பது டிக்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. பகல் பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது, என் கண்ணெதிரே ஒரு பெண் மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டாள்.

ஷார்ட் சர்க்யூட் இல்லை. புகை வரவில்லை. யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை. கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள், இறக்கினாள், திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். அவ்வளவுதான்.

இடம், சித்தூரிலிருந்து புத்தலப்பட்டு போகும் வழியில் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரி. சீசனில் அந்தப் பக்கம் போயிருக்கிறீர்களா? கேட்டுக்கு வெளியே மாங்காய் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் அந்த இனிப்பு வாசனை உள்ளே வந்துவிடும். ஈக்களும் வந்துவிடும்.

அங்கே எனக்கு என்ன வேலை என்கிறீர்களா? இந்தப் பக்கத்தை ரெகுலராகப் படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். திருப்பதியில், திருச்சானூர் ரோட்டில் ஒரு லாட்ஜுக்கு மேல்மாடியில் இருக்கும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் நான் டெஸ்டர். மற்றவர்கள் செய்த வேலையில் குற்றம் கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் இதையே இலவசமாகச் செய்கிறேன் என்பது என் கணவரின் புகார்.

அன்றைக்கு நான் டெஸ்ட் செய்யப் போனது ஒரு ஸ்டோரேஜ் டிரைவர். பயப்பட வேண்டாம், நாலு வரியில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் நாலைந்து பொய்க் கம்ப்யூட்டர்களை ஓட்டலாம். வர்ச்சுவல் மெஷின் என்று பெயர். அவை ஒவ்வொன்றும் தனக்கென்று சொந்தமாக ஒரு டிஸ்க் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். பாவம், அப்படி ஒரு டிஸ்க்கே கிடையாது. அது எழுதுவதையெல்லாம் துண்டு துண்டாக்கி, பல மெஷின்களில் பிரித்து, பிரதியும் எடுத்து வைப்பார்கள். ஒரு மெஷின் செத்தாலும் இன்னொன்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பொய்க் கம்ப்யூட்டருக்கும் அந்தச் சிதறிக் கிடக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் ஒரு புரோக்கர் உண்டு. ‘இதை எழுது’ என்றால் வாங்கிக்கொண்டு போய் எழுதிவிட்டு, ‘எழுதியாச்சு’ என்று வந்து சொல்ல வேண்டும். அந்தப் புரோக்கர்தான் டிரைவர்.

எங்கள் டிரைவரை எழுதியவன் பெயர் பார்த்தசாரதி. பெயர்ப்பொருத்தம் என் கற்பனை இல்லை, அவன் வீட்டில் வைத்தது. திருப்பதியிலேயே பிறந்து வளர்ந்தவன். குடும்பமே கோயில் கைங்கர்யத்தில் இருக்கிறது. இவன் ஒருவன்தான் கம்ப்யூட்டரிடம் வந்து மாட்டிக்கொண்டான். கெட்டிக்காரன். தான் எழுதிய புரோகிராமில் யாராவது தப்பு சொன்னால் மட்டும் அவன் காது சிவந்துவிடும்.

ஃபேக்டரிக்கு எதற்கு இதெல்லாம்? கூழை டின்னில் அடைப்பதற்கு முன்னால் சரியான சூட்டில் காய்ச்ச வேண்டும். எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்று ரெக்கார்ட் இருந்தால்தான் வெளிநாட்டுக்காரன் டின்னைத் தொடுவான். இத்தனை வருஷமாக அதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். இனி கம்ப்யூட்டரே இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை சூட்டை எழுதிக்கொள்ளும், நோட்டுக்கு டாட்டா என்று முடிவாகிவிட்டது. வியாழக்கிழமை திறப்பு விழா. ரிப்பன்கூட வாங்கியாகிவிட்டது.

நோட்டு எழுதிக்கொண்டிருந்தவள்தான் மஞ்சுளா. குவாலிட்டி செக்கர். குடிபாலாவிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிறவள். முப்பத்தைந்து வயசு இருக்கும். நாங்கள் ட்ரையல் ஓட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஸ்கிரீனில் ஒவ்வொரு ரீடிங்குக்கும் பச்சை டிக் வரவர, அதையே தன் நோட்டிலும் எழுதிக்கொண்டிருந்தாள். இனி அது தேவையில்லையே என்று சாரதி சிரித்தபடி சொன்னான். அவள் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டே இருந்தாள்.

பிறகு சாரதி பெருமையாக விளக்கினான். எல்லாம் மூன்று மெஷினில் பத்திரமாக இருக்கிறது, ஒன்று போனாலும் கவலை இல்லை என்று.

“மூணும் இந்த ரூம்ல தான கீது?” என்றாள் மஞ்சுளா.

ஆமாம்.

“கரண்ட்டு போனா?”

யுபிஎஸ் இருக்கிறது என்றான் சாரதி. போன சீசனில் முதலில் செத்ததே யுபிஎஸ்தான் என்றாள் அவள். அப்படியே போனாலும் ஒன்றும் ஆகாது, டெஸ்ட் செய்து பாஸ் ஆகியிருக்கிறது என்று சொல்லி சாரதி என்னைக் காட்டினான். நானும் கம்பீரமாகத் தலையசைத்தேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து போய் முதலில் யுபிஎஸ்ஸை அணைத்தாள். அப்புறம் அந்த அறைக்கான மெயினை இறக்கினாள்.

சாரதி தலையில் கை வைத்துக்கொண்டான். யாராவது இப்படி மெயினை ஆஃப் பண்ணுவார்களா என்று என்னிடம் கேட்டான். சித்தூர் ஜில்லாவில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? இங்கே கரண்ட் ஆபீஸ்காரர்கள் யாரிடமும் பர்மிஷன் கேட்காமல் தினமும் செய்கிற காரியம் அது!

மெயினை ஏற்றினோம். மெஷின்கள் ஒவ்வொன்றாக முனகிக்கொண்டு எழுந்தன. டிரைவர் எழுந்தது. பொய்க் கம்ப்யூட்டர் எழுந்தது. ரீடிங் பட்டியலும் வந்தது. பார்த்தீர்களா என்று சாரதி வாயைத் திறந்தான்.

மஞ்சுளா நோட்டைத் தூக்கி ஸ்கிரீன் பக்கத்தில் வைத்தாள்.

ஸ்கிரீனில் கடைசி ரீடிங் பதினொன்று முப்பத்தெட்டு. நோட்டில் பதினொன்று ஐம்பத்தாறு. நடுவில் ஒன்பது ரீடிங். ஒன்பதுக்கும் பச்சை டிக் வந்ததை நாங்கள் மூன்று பேரும் பார்த்திருக்கிறோம். ‘எழுதியாச்சு’ என்று எங்கள் டிரைவர் ஒன்பது தடவை முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறது. எழுதவே இல்லை.

மூன்று மெஷின், அத்தனை பிரதிகள், இரண்டு இன்ஜினியர்கள்... கடைசியில் சரியாக இருந்தது பால்பாயிண்ட் பேனா.

சாரதியின் காது சிவந்தது. மஞ்சுளா சத்தம் போடவில்லை. நோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னாள்: “ரெக்கார்ட் இல்லன்னா மிசினு மேல பழி போட மாட்டாங்க மேடம். செக்கரு தூங்கிக்கினு இருந்தாள்னு எழுதுவாங்க. போன வருசம் எங்கூட இருந்த பொண்ண அப்டித்தான் வூட்டுக்கு அனுப்சாங்க.”

நானும் அந்தப் பக்கம் புத்தூர்க்காரி. அந்தத் தமிழில் யாராவது பேசினால் எனக்கு வீட்டு ஞாபகம் வரும். அன்றைக்கு வந்தது வேறு ஒன்று. செருப்புக்குள் ஒரு கல் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு ஞாபகம். அதற்குக் கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

திரும்பி வரும்போது சாரதி காரில் ஏறியதும் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டான். காணிப்பாக்கம் பிரியும் இடம் தாண்டியதும் அதைத் திறந்து எதையோ தேடினான். தேடிக் கண்டுபிடித்ததும் மூடிவிட்டான். என்ன என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான்.

நாலு மாசத்துக்கு முன்னால் எங்கள் மேனேஜர் மோகன் ஸ்பீடு சார்ட் ஒன்றைக் கொண்டுவந்தார். போட்டிக் கம்பெனியின் டிரைவர் நம்முடையதைவிட இரண்டு மடங்கு வேகம் என்றது சார்ட். ஏதாவது செய் என்றார். சாரதி ஏதாவது செய்தான். எழுத வேண்டியதை உடனே டிஸ்க்குக்கு அனுப்பாமல், டிரைவரே தன் மடியில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ‘எழுதியாச்சு’ என்று முதலிலேயே சொல்லிவிடும். மடி நிறைந்ததும் மொத்தமாகக் கொண்டுபோய்க் கொட்டும். கொட்டுவதற்குள் கரண்ட் போனால் மடியில் இருந்ததெல்லாம் போச்சு. ஆனால் சார்ட்டில் நாம்தான் முதல்! தற்காலிகம், பிறகு எடுத்துவிட வேண்டும் என்று அவனே பக்கத்தில் குறிப்பும் எழுதி வைத்திருக்கிறான். பிறகு என்பது வரவே இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. கொட்டினேன். எப்படி இப்படிச் செய்யலாம், ஒரு பெண்ணின் வேலை போயிருக்குமே, படித்தவன்தானே நீ... புத்தலப்பட்டு வரும் வரை கொட்டினேன். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டான். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது திரும்பினான்.

“நீங்க பவர் டெஸ்ட் பாஸ்னு போட்டிருந்தேளே மேடம். அதை நம்பிண்டுதான் நான் எடுக்காம விட்டேன்.”

அதுதான் அந்தக் கல்.

என் டெஸ்ட் லிஸ்ட்டில் அப்படி ஒரு வரி உண்டு. ‘திடீர் மின்வெட்டு: பாஸ்.’ பக்கத்தில் என் கையெழுத்து. எப்படி டெஸ்ட் செய்தேன் தெரியுமா? நிஜமாகப் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்றால் சர்வர் அறைச் சாவி வேண்டும். சாவி வைத்திருப்பவர் அன்றைக்கு மச்சினன் குடும்பத்தோடு திருமலையில் தரிசன க்யூவில் நிற்கிறார். நாலு மணிக்கு ரிவ்யூ. என் சீட்டிலிருந்தபடியே ஸ்கிரீனில் ‘ஷட் டவுன்’ என்று க்ளிக் செய்தேன். மெஷின் அடக்கமாக எல்லாவற்றையும் மடித்து வைத்துவிட்டுத் தூங்கப் போனது. மறுபடி எழுப்பினேன். எல்லாம் பத்திரம். பாஸ்!

வாசலில் வந்து நின்று, ‘ஐயா, கரண்ட்டை நிறுத்தப்போகிறோம், மூட்டை முடிச்சைக் கட்டிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டு வரும் மின்வெட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் டெஸ்ட் செய்தது அதைத்தான்.

ஆக, டிரைவர் எழுதாமலேயே எழுதியாச்சு என்றது. நான் பிடுங்காமலேயே பிடுங்கியாச்சு என்றேன். அந்த டிரைவருக்காவது வேகம் என்று ஒரு காரணம் இருந்தது. எனக்கு? ஒரு சாவி.

யோசித்துப் பார்த்தால் நம்மைச் சுற்றி எல்லோரும் இந்த டிரைவர்தான். ப்ளவுஸ் எப்போது என்று கேட்டால் டெய்லர் ‘ரெடி மேடம்’ என்பார். துணி நாம் கொடுத்த கவரிலேயே இருக்கும். குழாய் ரிப்பேர்காரர் போனில் ‘வழியில வந்துக்கினே கீறேன்’ என்பார். பின்னால் அவர் வீட்டு டிவி சத்தம் கேட்கும். ஆபீஸுக்கு ஆபீஸ் ‘அயிப்போயிந்தி மேடம்’ என்பார்கள், முடிந்துவிட்டதாம். என்ன முடிந்தது? கேட்கிறவரின் பொறுமை. இவர்களையெல்லாம் எத்தனை வாரம் இந்தப் பக்கத்தில் கிழித்திருக்கிறேன்! என்னைக் கிழிக்க மட்டும் எனக்கு இடம் கிடைத்ததில்லை.

மறுநாள் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் மோகனின் போன் மூன்று தடவை. மோகன் நல்ல மனிதர். எதையும் இல்லை என்று சொல்ல மாட்டார். வார்த்தையை மட்டும் மாற்றச் சொல்வார். தெலுங்கும் இங்கிலீஷும் கலந்து பொறுமையாக எனக்கு விளக்கினார். ஃபேக்டரி ஆள் அனுமதி இல்லாமல் மெயினை ஆஃப் செய்திருக்கிறார். ஆகவே இது டிரைவர் குறை இல்லை, ‘சைட் இஷ்யூ’, அதாவது ஃபேக்டரி இடத்துத் தப்பு. அப்படி எழுதிவிட்டால் வியாழக்கிழமை விழா நடந்துவிடும், அடுத்த மாசம் மெதுவாகச் சரிசெய்துகொள்ளலாம்.

சைட் இஷ்யூ. எவ்வளவு அழகான வார்த்தை! அதற்கு அர்த்தம், மஞ்சுளா.

உண்மையைச் சொல்கிறேன். பத்து நிமிஷம் நான் அந்த வார்த்தையை டைப் செய்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அதில் என் பெயர் வராது. சாரதி பெயர் வராது. மோகன் சந்தோஷப்படுவார். அடுத்த மாசம் நிச்சயமாகச் சரிசெய்துவிடுவோம்... தற்காலிகம்தானே?

சாரதி எழுதி வைத்த அதே ‘தற்காலிகம்’ எனக்கும் வந்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. டைப் செய்ததை அழித்தேன்.

மஞ்சுளாவுக்கு போன் செய்தேன். ரிப்போர்ட்டில் உன் பெயர் போடாமல் எழுதுகிறேன், உனக்குத் தொந்தரவு வராது என்றேன். நல்லது செய்கிற நினைப்பு எனக்கு.

“பேரு போடுங்கக்கா,” என்றாள். “ஒம்பது ரீடிங்கும் மஞ்சுளா நோட்ல கீதுன்னு எழுதுங்க. அத்த எழுதலன்னா நான் மெயின இறக்கனது மட்டும்தான் அவங்களுக்குத் தெரியும்.”

சரிதானே? காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி அவளுடைய ஒரே ஆதாரத்தை நான் மறைக்கப் பார்த்திருக்கிறேன். எழுதினேன். டிரைவரின் தப்பு ஒரு பாரா. மஞ்சுளாவின் நோட்டு ஒரு பாரா. மூன்றாவது பாராவில், மின்வெட்டு டெஸ்ட்டை நான் செய்யாமலே பாஸ் போட்டேன் என்று எழுதினேன். மூன்று வரிதான். அரை நாள் ஆனது.

மோகன் அதைப் படித்துவிட்டு அறைக்குக் கூப்பிட்டார். சாரதியும் வந்தான். மூன்றாவது பாரா தேவையா என்று கேட்டார் மோகன். தேவை என்றேன். இதை வைத்துக்கொண்டு ரிலீஸ் பண்ண முடியாதே என்றார். ஆமாம், அதற்குத்தான் எழுதியது என்றேன். நான் ரிலீஸுக்குக் கையெழுத்துப் போடாவிட்டால் மேனேஜர் என்ற முறையில் தானே போட்டு அனுப்பலாம், விதியில் இடம் இருக்கிறது என்றார். தாராளமாகப் போடுங்கள் சார் என்று பேனாவை நீட்டினேன்.

பேனாவை வாங்கினார். பேப்பரைப் பார்த்தார். மூடியைத் திறந்தார். பேப்பரைப் பார்த்தார். அந்த மின்வெட்டு வரியின் மேல் அவர் விரல் கொஞ்ச நேரம் நின்றது. எங்கள் மூன்று பேருக்கும் தெரியும், டிரைவரைப் பற்றி அவர் எத்தனை கூட்டங்களில் எவ்வளவு பேசியிருக்கிறார் என்று. பேசுவதில் சிக்கல் இல்லை. கையெழுத்து கிட்டே வந்தால்தான் மனுஷனுக்கு உண்மையான டெஸ்ட் ஆரம்பிக்கிறது.

மூடியைப் போட்டு மூடினார்.

“சார், அந்தக் காரியம் நான் பண்ணினது,” என்றான் சாரதி. “நானே எடுத்துடறேன். ஸ்பீடு பாதி ஆயிடும். சார்ட் நன்னா இருக்காது.”

மோகன் பெருமூச்சு விட்டார். பர்வாலேது, பரவாயில்லை என்றார். என் சர்வீஸில் அவர் அதை நிஜமாகவே சொன்ன முதல் தடவை அது என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமை விழா நின்றதா? நிற்குமா! சாரதி தன் தற்காலிகத்தை அதற்குள் எடுத்துவிட்டிருந்தான். ரிப்பன் வெட்டினார்கள். தேங்காய் உடைத்தார்கள். சர்வருக்குக் குங்குமம் வைத்தார்கள். ஸ்கிரீனில் ரீடிங் ஓடியது. ஒரே வித்தியாசம், நோட்டுக்கு டாட்டா சொல்லவில்லை. சீசன் பாதி ஓடும் வரை இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும் என்று ஓனரே சொல்லிவிட்டார். ஸ்பீடு பாதியானது பற்றி அவரிடம் எப்படிச் சொல்வது என்று மோகன் இரண்டு நாளாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். ஓனர் ஸ்கிரீனை உற்றுப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இந்த நீலத்தை மாம்பழ மஞ்சளாக மாற்ற முடியுமா? எந்த வேகத்துக்காக நாங்கள் பொய் சொன்னோமோ, அதை அந்த ஃபேக்டரியில் யாரும் கேட்கவே இல்லை.

அதற்கப்புறம் நான் டெஸ்ட் செய்தேன், இந்தத் தடவை நிஜமாகவே. சர்வர் அறைச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். எழுதிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்கினேன். பிரதி எடுத்துக்கொண்டிருக்கும்போது பிடுங்கினேன். ஒரு மெஷினை, இரண்டு மெஷினை, மூன்றையும். ஆபீஸில் எல்லோரும் என்னைக் கண்டால் தங்கள் சார்ஜரைக் கையால் மூடிக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஒரு வாரத்தில் இரண்டு புதுத் தப்புகளைப் பிடித்தேன். சாரதியின் காது இரண்டு தடவை சிவந்தது. இரண்டு தடவையும் வாதாடாமல் சரிசெய்தான்.

கடைசி டெஸ்ட்டை ஃபேக்டரியிலேயே வைத்துக்கொண்டோம். மெயினை இறக்கும் உரிமையை மஞ்சுளாவுக்கே கொடுத்தேன். இறக்கினாள். ஏற்றினாள். நோட்டை ஸ்கிரீன் பக்கத்தில் வைத்து விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே வந்தாள். எல்லாம் இருந்தது, கடைசி வரியைத் தவிர. எனக்குத் திக்கென்றது. அவள் சிரித்தாள். மெயினை இறக்கிய அந்த நொடியில் வந்த ரீடிங் அது. அதற்கு ஸ்கிரீனில் டிக்கே வரவில்லை என்பதை அவள் கவனித்து, நோட்டில் பக்கத்திலேயே குறித்து வைத்திருந்தாள்.

“எழுதலன்னா எழுதலன்னு ஒத்துக்குது பாருங்க,” என்றாள். “இத்த நம்பலாம்க்கா.”

இருபது வருஷமாக டெஸ்ட் ரிப்போர்ட் எழுதுகிறேன். இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு சரியாக நான் ஒன்றும் எழுதியதில்லை.

விழா முடிந்து மோகன் எல்லோருக்கும் நன்றி சொல்லி மெயில் அனுப்பினார். அதில் சாரதி இருந்தான். பொங்கல் சப்ளை செய்த கேட்டரிங்காரர் இருந்தார். மஞ்சுளாவும் இருந்தாள், ஸ்பெல்லிங் தப்போடு. நான் மட்டும் இல்லை. பரவாயில்லை, மூன்றாவது பாரா எழுதியவளுக்கு நன்றி சொல்வது கஷ்டம்தான்.

எனக்குத் தனியாக வந்தது அப்ரைசல். என் வேலையைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: ‘இன்னும் கொஞ்சம் பாசிட்டிவாக இருக்கலாம்.’

டெஸ்ட் ரிசல்ட் பாசிட்டிவ் என்றால் ஆஸ்பத்திரியில் யாராவது ஸ்வீட் கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா?